ஆச்சியின் குரலில் நம் அம்மாக்கள்

தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதாநாயகர்களை வைத்தே காலத்தைப் பிரிப்பார்கள். பாகவதர் காலம், எம்.ஜி.ஆர்.-சிவாஜி காலம், ரஜினி-கமல் காலம் என்று. கதாநாயகிகளுக்குக் கூட அந்தக் கணக்கில் ஓரமாகத்தான் இடம். அப்படியிருக்க, பாத்திரம் தேய்க்கிறவளாக, பூக்காரியாக, நாடகக்காரியாக, கிழவியாக வந்து போனவர்களை யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஆனால் நண்பர்களே, இந்தக் குருவிகுளம் வட்டாரத்திலே பிறந்து, பருத்தி எடுத்தும், பீடி சுற்றியும், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயும் நம்மைப் படிக்க வைத்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். அந்தத் தாய்மார்களைப் போன்றவர்கள் திரையிலே யார் உருவத்தில் வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால், நம் நினைவுக்கு முதலில் வருகிற முகம் ஒன்றுதான். அதுதான் 'ஆச்சி' மனோரமா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆயிரத்துக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்க விரும்புகிறது.

'ஆச்சி' என்ற சொல்லைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. நம்ம நெல்லைச் சீமையிலே ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டிலே அது வீட்டுக்காரப் பெண்மணியை மரியாதையாக அழைக்கும் சொல். மனோரமா வளர்ந்தது செட்டிநாட்டுப் பகுதி என்பதால் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கடைசிக் காலத்தில் நம்மூர் அர்த்தத்திலும் அது பொருந்திப் போனது. தமிழ்நாட்டுக்கே அவர் பாட்டியாகிவிட்டார்.

மன்னார்குடியும் பள்ளத்தூரும்

1937-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி, ராஜமன்னார்குடியில் பிறந்தார். இயற்பெயர் கோபிசாந்தா. தகப்பனார் காசி கிளாக்குடையார், தாயார் ராமாமிர்தம். தகப்பனார் கைவிட்டுவிட்ட நிலையில், கைக்குழந்தையோடு தாயார் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போய்ச் சேர்ந்தார். செட்டிமார் வீடுகளில் வேலை செய்து பிள்ளையை வளர்த்தார். தாயாருக்கு உடம்பு முடியாமல் போனபோது, கோபிசாந்தாவின் பள்ளிப் படிப்பு பாதியிலே நின்றது. அந்தச் சின்ன வயதிலேயே அவரும் வீட்டு வேலைக்குப் போனார்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவர் வேலைக்காரியாக நடித்தபோது அந்தக் கைகால் அசைவு எங்கிருந்து வந்தது என்பதற்கான விளக்கம் இதில்தான் இருக்கிறது. நடிப்புப் பள்ளியில் சொல்லித் தந்து வந்தது அல்ல அது.

பள்ளத்தூருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. நாடகம் 'அந்தமான் காதலி'. நடிக்க வேண்டிய பெண்ணுக்கு நடிக்க முடியாமல் போகவே, பாடத் தெரிந்த அந்த ஊர்ப் பெண்ணை மேடையேற்றினார்கள். அங்கிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். அதன் பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கினார். அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் ஆகியோரோடு திரையில். இப்படி முதலமைச்சர்கள் ஐந்து பேரோடு நடித்தவர் என்ற பெருமை இந்த நாடக வாழ்க்கையிலிருந்துதான் துவங்குகிறது.

மேடை தந்த படிப்பு

அந்தக் காலத்து நாடக மேடையைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்ம பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் தமிழ் நாடகத்துக்குப் பாட்டும் வசனமும் எழுதி ஒரு ஒழுங்கு ஏற்படுத்திக் கொடுத்தவர். அவர் 1922-ல் மறைந்தார். அவர் போட்டுக் கொடுத்த வழியில் வந்த மேடையிலே நடிக்க வேண்டுமானால் பாடத் தெரிய வேண்டும், வசனம் மனப்பாடமாக வேண்டும், குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும்! எதிரே நடிக்கிறவர் வசனத்தை மாற்றிவிட்டால் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். 'ஒன்ஸ் மோர்' வந்தால் மறுபடி செய்ய வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அதுவே பள்ளிக்கூடம். பரீட்சை தினசரி இரவு பத்து மணிக்கு.

இந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர் மனோரமா மட்டும் அல்ல. நமக்கு இன்னும் பக்கத்திலே, விருதுநகர்ப் பகுதியில் சென்னல்குடியில் பிறந்த எஸ்.என். லட்சுமியும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாக வந்தவர். 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கண்டதையெல்லாம் கைவைக்கும் பாட்டியாக வந்து நம்மைச் சிரிக்க வைத்தவர். கடைசிக் காலத்தில் 'சரவணன் மீனாட்சி' தொடர் மூலம் வீட்டுக்குள்ளேயே வந்தார். 2012-ல் மறைந்தார். கரிசல் மண்ணிலிருந்து போன அந்த அம்மாளின் பெயர் நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால், "அட, இந்தப் பாட்டியா!" என்பார்கள். துணைப் பாத்திரத்தில் வருகிறவர்களின் விதி அப்படித்தான் இருக்கிறது.

கதாநாயகி பேசாத தமிழ்

1958-ல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' மூலம் மனோரமா திரைக்கு வந்தார். கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகி என்றால் சில வருடங்களில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் நீண்ட நாள் நிலைக்கலாம் என்று கவிஞர் தைரியம் சொன்னதாக மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் அவர் போன பாதை அது அல்ல.

இந்த இடத்தில்தான் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1950-களிலும் 60-களின் முற்பகுதியிலும் நம் திரைப்படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் பேசியது பெரும்பாலும் மேடைத் தமிழ். அடுக்குமொழி, எதுகை மோனை. அழகான தமிழ்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வீட்டிலும் எந்த அம்மாவும் அப்படிப் பேசவில்லை. ஊரிலே மக்கள் பேசுகிற தமிழ் திரையில் நுழைந்தது பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான், அதாவது நகைச்சுவைக் காட்சிகள் வழியாக. கதாநாயகி பேசினால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த பேச்சு, வேலைக்காரி பேசினால் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியிலே புகுந்து ஆட்சி செய்தவர் மனோரமா.

1967-ல் கே. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' வந்தது. அதிலே தூத்துக்குடி முத்துக்குளிப்பவராக வரும் நாகேஷுக்கு ஜோடி மனோரமா. நம்ம தெற்கத்திக் கடற்கரைப் பேச்சு தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. அடுத்த வருடமே 'பொம்மலாட்டம்' படத்தில் சோவுடன் சேர்ந்து சென்னைச் சேரிப் பேச்சில் அவரே சொந்தக் குரலில் பாடிய பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. மெட்ராஸ் பாஷையைப் பட்டணத்துக்காரர்களே அசிங்கம் என்று ஒதுக்கிய காலம் அது. பின்னால் 1990-களின் தொடக்கத்தில் 'சின்ன கவுண்டர்' வந்தபோது, முன் பற்கள் தூக்கிய தோற்றத்தோடு கொங்கு நாட்டுத் தாயாக மாறினார். மன்னார்குடியிலே பிறந்து பள்ளத்தூரிலே வளர்ந்த ஒருத்தர், எந்த ஊர்ப் பேச்சையும் அந்த ஊர்க்காரர் மாதிரி பேசினார் என்றால், அதற்கு எவ்வளவு காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்!

நம் பக்கத்து இடைசெவல் கிராமத்துக் கி. ராஜநாராயணன் இதே வேலையை எழுத்திலே செய்தார். கரிசல் மக்கள் பேசுகிற சொற்களையெல்லாம் பொறுக்கியெடுத்து வட்டார வழக்குச் சொல்லகராதியே தந்தார். அவர் காகிதத்தில் சேர்த்து வைத்ததை மனோரமா குரலிலே சேர்த்து வைத்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. சொல்லை அகராதியில் பார்க்கலாம். இழுவை, வெட்டு, முனகல், பேச்சின் நடுவே போடுகிற பெருமூச்சு இவற்றையெல்லாம் அகராதி எப்படிக் காட்டும்?

ஜில் ஜில் ரமாமணி

1968-ல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய தொடர்கதையிலிருந்து பிறந்த படம். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலை மலையாக நடிகர்கள். அத்தனை பேருக்கும் நடுவிலே, படம் பார்த்து வெளியே வருகிறவர்கள் மறக்காமல் பேசியது ஜில் ஜில் ரமாமணியைப் பற்றி.

ரமாமணி ஒரு நாடகக்காரி. நாதசுர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் அவளுக்கு மதிப்பும் உண்டு, உரிமையும் உண்டு. வெள்ளந்தியாகப் பேசுவாள், ஆனால் வெகுளி அல்ல. நாடகக்காரியைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, முகத்தில் சிரிப்பை விடாமல் பழகுகிறாள். அந்தப் பாத்திரத்தை வேறு யாராவது செய்திருந்தால் கேலிச்சித்திரமாகப் போயிருக்கும். மனோரமா தானே ஊர் ஊராகப் போய் நாடகம் ஆடியவர். தன் கூட்டத்துப் பெண்ணை அவர் கேலி செய்யவில்லை. கேலிக்கு நடுவிலும் அவளுக்கு மானத்தோடு நிற்க ஓர் இடம் கொடுத்தார். சிரிக்க வைக்கிற பாத்திரத்துக்குள்ளே ஒரு மனுஷியை வைக்க முடியும் என்று அன்றைக்கே காட்டிவிட்டார்.

கண்ணம்மா என்ற வேலைக்காரி

1986-ல் ஏ.வி.எம். தயாரிப்பில் விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்', நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. கூட்டுக் குடும்பம் உடைகிற கதை. அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா. கோபித்துக்கொண்டு வந்துவிட்ட வீட்டு மகளையும் அவள் மாமனார் ஆல்பர்ட்டையும் சேர்த்து வைக்க, கண்ணம்மா வேண்டுமென்றே ஒரு சண்டையைக் கிளப்புகிற காட்சியை யாரால் மறக்க முடியும்? குரலை ஏற்றி, முந்தானையை இழுத்துச் செருகி, தெருச்சண்டைக்குரிய எல்லா இலட்சணங்களோடும் அவர் போடுகிற கூச்சலில் தியேட்டரே அதிர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். முடிச்சை அவிழ்ப்பது சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். எந்தப் பேச்சைக் கேட்டால் நாம் காதைப் பொத்துவோமோ, அந்தப் பேச்சை வைத்தே அவள் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறாள். பத்துப் பன்னிரண்டு வயதில் வீட்டு வேலைக்குப் போன கோபிசாந்தா, நாற்பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்காரிக்குத் தமிழ் சினிமாவிலே தலைநிமிர்ந்த இடம் ஒன்றை வாங்கித் தந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

தாயாக, பாட்டியாக

1988-ல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே'. பெயரிலேயே பாட்டி, கதையை நடத்துகிறதும் பாட்டிதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு நடிகையை நம்பி முழுநீளப் படம் எடுத்தது அன்றைக்குச் சாதாரண விஷயம் அல்ல. அடுத்த வருடம் பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை'யில் நடித்ததற்காக, சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 1990-ல் 'நடிகன்' படத்தில், வயது போன பிறகும் மனசுக்குள் ஆசை வைத்திருக்கிற திருமணமாகாத பெண்ணாக வந்தார். சிரித்துக்கொண்டே பார்த்தோம். ஆனால் முடிவிலே அந்த அம்மாள் ஏமாந்து நிற்கும்போது நம் சிரிப்பு நமக்கே கொஞ்சம் உறுத்தும்.

நம்மைப் போன்றவர்களுக்கு நெஞ்சைத் தொடுகிற படம் 1993-ல் வந்த ஷங்கரின் 'ஜென்டில்மேன்'. மகன் நன்றாகப் படிக்கிறான், மதிப்பெண் இருக்கிறது, மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டுமானால் பணம் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்காகத் தன் உயிரையே விட்டுவிடுகிற ஏழைத் தாய் மனோரமா. சினிமாவுக்காகக் கூட்டிச் சொன்ன கதைதான். ஆனால் கம்மலை அடகு வைத்துப் பரீட்சைக் கட்டணம் கட்டிய தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அது வெறும் சினிமா அல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு நடிகை, பிள்ளையின் படிப்புக்காக உயிரைக் கொடுக்கிற தாயாக நிற்கும்போது, அந்தக் கண்ணீர் முழுவதும் கிளிசரின் தந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சின்னத்திரையில்

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமானது. நம்ம பக்கத்துக் கிராமங்களுக்கு அது எட்டுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. பஞ்சாயத்து டிவி முன்னால் மண்ணிலே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்த தலைமுறை, மனோரமாவின் பழைய படங்களை இரண்டாம் முறையாகக் கண்டது அங்கேதான். தியேட்டருக்குப் போக நேரமும் காசும் இல்லாத பெண்கள், கண்ணம்மாவையும் ரமாமணியையும் அங்கேதான் சந்தித்தார்கள்.

1993-க்குப் பிறகு சன் டிவி முதலிய தனியார் சேனல்கள் வந்தன, தொடர்கள் பெருகின. 'அன்புள்ள அம்மா', 'வானவில்', 'ஆச்சி இன்டர்நேஷனல்' போன்ற தொடர்களில் மனோரமாவும் நடித்தார். மேடையிலே தொடங்கி, பெரிய திரையிலே அரை நூற்றாண்டு நின்று, சின்னத்திரைக்கும் வந்தவர்கள் மிகச் சிலரே. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசியவர், வீட்டுக் கூடத்தில் நாலடி தூரத்தில் இருப்பவர்களிடம் பேசுவதற்கும் குரலைப் பழக்கிக்கொண்டார். கலைஞருக்கு வேண்டிய பணிவு இதுதான். 2002-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2010-ல் 'சிங்கம்' படத்தில் பாட்டியாக வந்தபோது கூட அந்தக் குரலில் தெம்பு இருந்தது. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். அப்போது வயது 78.

குறையும் சொல்ல வேண்டும்

பாராட்டுக் கட்டுரை என்பதற்காக எல்லாம் நிறைவு என்று எழுதிவிடக் கூடாது. ஆயிரம் படம் என்றால் ஆயிரமும் மாணிக்கமாக இருக்காது. வெறும் கூச்சலுக்காகவும், உருவத்தைக் கேலி செய்வதற்காகவும் அவரைப் பயன்படுத்திய படங்கள் நிறைய உண்டு. அழுகிற அம்மா வேடம் ஒரு கட்டத்தில் அச்சடித்த மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. வட்டாரப் பேச்சு என்றாலே சிரிக்க வேண்டும் என்ற பழக்கத்தையும் இந்த நகைச்சுவைக் காட்சிகளே நமக்கு ஏற்படுத்தின. கதாநாயகிக்குத் தரமான தமிழ், வேலைக்காரிக்குக் கொச்சைத் தமிழ் என்று பங்கு பிரித்தது கதை எழுதியவர்கள். அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு அதற்குள்ளே மானத்தைக் கொண்டுவந்து வைத்தது மனோரமா. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

மாணவச் செல்வங்களுக்கு

கல்லூரிக்குள் நுழைந்த முதல் வருடம் நம்மில் பலர் செய்த காரியம் என்ன? பேச்சை மாற்றிக்கொண்டதுதான். ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பேசினோம். பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அம்மா நாலு பேர் முன்னால் "ஏலே, சாப்பிட்டியாலே?" என்று உரக்கக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டவர்களும் உண்டு. அதே பேச்சை மனோரமா திரையிலே பேசினால் கைதட்டி ரசித்தோம்! காசு கொடுத்துக் கேட்ட பேச்சை வீட்டிலே சும்மா கிடைத்தபோது மதிக்கவில்லை.

இன்றைக்கு உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் குரல் பதிவாகிவிடும். பருத்தி எடுப்பதற்கு, கதிர் அறுப்பதற்கு, பீடி இலை வெட்டுவதற்கு, தீப்பெட்டி ஒட்டுவதற்கு, சங்கரன்கோவில் சந்தைக்குப் பூக் கட்டுவதற்கு என்று நம் பெண்கள் எத்தனை சொற்கள் வைத்திருக்கிறார்கள்! வைவதற்கு வைத்திருக்கிற சொற்களே ஒரு தனி அகராதி ஆகும். அந்தச் சொற்களைச் சொல்லுகிற பாட்டிமார் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். தமிழ்த் துறை மாணவர்களும் வரலாற்றுத் துறை மாணவர்களும் சேர்ந்து, வருகிற விடுமுறையில் ஆளுக்கு ஒரு பாட்டியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தால், அடுத்த மலரில் அதற்கென்று பத்துப் பக்கம் ஒதுக்கும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்வதற்கு முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் இருக்கிறோம்.

மனோரமா பள்ளத்தூர் வீடுகளில் வேலை செய்தபோதும், நாடகத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியபோதும் அதைத்தான் செய்திருக்கிறார். சுற்றியிருந்த பெண்கள் எப்படிப் பேசினார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டார். கேட்டதை ஐம்பது வருடம் மறக்காமல் வைத்திருந்து நமக்கே திருப்பிக் கொடுத்தார். நாமும் கொஞ்சம் கேட்டு வைப்போம்.